நொட்டாங்கை

வேலிக்கு இந்தப் பக்கம் வந்து விழுந்த பந்தை எடுத்துத் திருப்பி எறிந்தேன், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பெரியவர் கைதட்ட ஆரம்பித்துவிட்டார். "லெஃப்டி! நம்ம கோஃபாக்ஸ் மாதிரி!"

என் இடது கையை ஒருவர் பாராட்டிக் கேட்பது அதுதான் முதல் தடவை. பாட்டி அதைக் கரண்டிக்காம்பால் தட்டியிருக்கிறாள். வாத்தியார் மரஸ்கேலால் விரல் முட்டியிலேயே போட்டிருக்கிறார். சோறும் எழுத்தும் பயந்துபோய் வலதுக்கு மாறிவிட்டன. மாங்காய்க்குக் கல் எறிவது மட்டும், பெரியவர்கள் கண்ணில் படாத வேலை என்பதால், பீச்சாங்கையிலேயே தங்கிவிட்டது.

லாஸ் ஏஞ்சலஸ் வந்து ஐந்து வருஷம். எல்லாம் பழகிவிட்டது, பேஸ்பாலைத் தவிர. தரையில் குத்தாமல் வரும் பந்தில் என்ன வித்தை இருக்க முடியும்? இதைக் கேட்டதற்குத் தண்டனையாகப் பெரியவர் ஒரு மாலை முழுக்க சாண்டி கோஃபாக்ஸ் புராணம் படித்தார்.

இடது கையால் பந்து எறியும் புரூக்ளின் பையன். 1955-இல் டாட்ஜர்ஸ் அணிக்கு வந்தவர், முதல் ஆறு வருஷம் வேகம் இருந்தும் குறி இல்லாமல் திண்டாடியிருக்கிறார். வெற்றி 36, தோல்வி 40. பிறகு 1961-இல் அவர் எறியும் பந்தைப் பிடிக்கும் கேட்சர் நார்ம் ஷெர்ரி, இவ்வளவு முரட்டுத்தனமாக எறியாதே என்றாராம். அதற்குப் பிறகு அந்தக் கையைத் தொட ஆளில்லை. 1965 செப்டம்பர் 9, சிகாகோ கப்ஸ் ஆட்டக்காரர்கள் மாறி மாறி 27 தடவை மட்டையோடு வந்தார்கள். ஒருவர்கூட ரன்னுக்கு முதல் படியான முதல் பேஸை எட்டவில்லை. 14 தடவை பந்தை அடிக்க முடியாமலே ஸ்ட்ரைக் அவுட். மைதானத்திலேயே உட்கார்ந்திருந்தவர்கள்கூட வின் ஸ்கல்லியின் வர்ணனைக்காகக் காதில் டிரான்சிஸ்டர் வைத்திருந்த காலம் அது என்றார்.

டிரான்சிஸ்டர் என்றதும் நான் ஊருக்குப் போய்விட்டேன். டீக்கடை பெஞ்ச், பொங்கல் டெஸ்ட், தமிழ் வர்ணனை, ஸ்கோர் கேட்டு சைக்கிளை நிறுத்தும் தபால்காரர். பெரியவர் தோளைத் தொட்டபோது கதை 1966-க்கு வந்திருந்தது. முழங்கையில் மூட்டுவாதம். ஆட்டம் முடிந்ததும் ஐஸ் தண்ணீரில் கையை ஊறவைத்துக்கொண்டே அந்த வருஷம் 27 ஆட்டம் ஜெயித்து, 30 வயதில் போதும் என்று நிறுத்திவிட்டார். மிச்ச வாழ்க்கைக்கும் கை வேண்டுமே!

டாட்ஜர் ஸ்டேடியத்தில் 2022-இல் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். அதன் படத்தை வீடியோ காலில் பாட்டிக்குக் காட்டினேன். "பாட்டி, இதுவும் நொட்டாங்கைதான்." கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். "சரிடா, சாப்பிடறது எந்தக் கையில?"

வாயடைத்துப் போனேன். ஆனால் மனசுக்குள் ஜெயித்தது நான்தான்.

அடுத்த ஞாயிறு மலிபு கோயில். அர்ச்சகர் தீர்த்தம் கொடுத்துக்கொண்டே வந்தார். என் மகன் இடது கையைக் குழித்து நீட்டினான். யோசிப்பதற்குள் பட்டென்று தட்டிவிட்டேன்.

"சோத்துக்கைய நீட்டுடா!"

கையை மாற்றி வாங்கிக் குடித்தான். ஈரக்கையைத் தலையில் தடவிக்கொள்ள மறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.