ஊருணிக் கரையில் வாசிப்பு

காரைக்குடியில் 1917-இல் தோன்றிய இந்து மதாபிமான சங்கத்துக்கு 1919-இல் பாரதி வந்ததையும், சா. கணேசன் 1939-இல் கம்பன் கழகத்தைத் தொடங்கியதையும் எங்கள் ஐயா முகப்புத் திண்ணையில் அமர்ந்து சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். பத்துப் பேர் கூடியிருந்து கேட்டால்தான் கவிதை நிறைவடையும் என்ற எண்ணம் அங்கேதான் எனக்குள் வேர்விட்டது. இருபது ஆண்டுகளாக விடியற்காலையில் எழுதுகிறேன். எழுதியதை மாதம் ஒருமுறை நண்பர்களிடம் வாசித்து, அவர்கள் வேண்டாம் என்னும் வரியை (பெரும்பாலும் எனக்கு மிகவும் பிடித்த வரியாகவே அது இருக்கும்) நீக்கிவிடுகிறேன். சென்ற ஞாயிறன்று அந்த நண்பர்களோடு எங்கள் ஊருணியின் வரத்துக்காலை அடைத்திருந்த நெகிழிக் குப்பையை அள்ளினோம். முன்னோர் குடிநீருக்காகப் படிகட்டி வைத்த நீர்நிலையைப் பாடிவிட்டு, அது தூர்ந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அடுத்த வாசிப்பு அந்தக் கரையிலேயே நடக்கும். பள்ளிப் பிள்ளைகளும் தம் கவிதைகளோடு வருகிறார்கள்.