ஆறு பிஎஸ்ஐ

05.07.2025
என்ர மஸ்டா ரோட்ஸ்டருக்குப் போட, எஞ்சினுக்குள்ள காத்தை அமுக்கி விடுற புளோவர் வந்திட்டுது. ஈட்டன் எம்45, பழைய மினி கூப்பர் எஸ்ஸில இருந்து கழட்டினது. ரெண்டு சாக்கு சுத்தி கொழும்பு பஸ்ஸில கிளிநொச்சிக்குப் போட்டு விட்டவங்கள். வாசல்லயே சாக்கை அவிட்டு கையால புல்லியைச் சுத்திப் பாத்தன், ரெண்டு ரோட்டரும் ஒண்டோட ஒண்டு முட்டாம வழுக்கிக்கொண்டு போகுது. அப்பா மாமரத்துக்குக் கீழ கதிரையில இருந்து பாத்தவர். கிட்ட வரேல்ல.

06.07.2025
பின்பக்க ஒயில் பிளக்கைக் கழட்டினா ஒரு சொட்டும் இல்லை. மினியில இந்தப் பின்பக்கத்துப் பல்லுதான் வாட்டர் பம்பை ஓட்டுறது, அந்த அறை வத்தினா பல்லு தின்னுப்படும். நகத்தால தடவினா ஒரு விளிம்பு தட்டுது. பரவாயில்லை, மஸ்டாவுக்கு சொந்த பம்ப் இருக்கு, அந்தப் பக்கத்தைப் பிளேட் போட்டு மூடலாம். முன்பக்கத்தில ஒயில் கிடந்தது, கறுத்து, அழுகின முட்டை மணம். ரெண்டு தரம் சவுக்காரம் போட்டும் கையில இருந்து போகேல்ல, அம்மா சோத்துக் கோப்பையை எட்டத்தில வைச்சிட்டுப் போறா.

11.07.2025
பெற்றோல் பிரஷர் ரெகுலேட்டர் வரேல்ல. அப்பாவின்ர நெஞ்சுக்கு ஆஸ்பத்திரித் திகதியும் வரேல்ல.

13.07.2025
நித்திரை இல்லை. 9.4. இந்த நம்பர்தான் மண்டைக்குள்ள ஓடுது. ரோட்ஸ்டரின்ட 1.6 எஞ்சின் கம்பனியால வரேக்கயே கம்பிரஷன், அதாவது காத்தை எத்தினை மடங்கு நசிக்குது எண்டது, 9.4, ஏனெண்டா அது தன்ர பாட்டில காத்து இழுக்கிற எஞ்சின், மினிக்காரன் புளோவர் வைக்கப் போறம் எண்டு தெரிஞ்சு 8.3க்குக் குறைச்சுச் செய்தவன். வெளிக்காத்தின்ர அமுக்கம் 14.7 பிஎஸ்ஐ, அதுக்கு மேல நான் 6 குடுத்தா கிட்டத்தட்ட நாப்பது வீதம் கூடுதல் காத்து உள்ளுக்க போகும், அதை அதே 9.4ல நசிச்சா சூடு ஏறும், பிளக் பத்தின நெருப்பு வந்து சேர முதலே ஒரு மூலையில மிச்சப் பெற்றோல் தானாப் பத்தும், அதுதான் நொக்கிங், பிஸ்டன்ர விளிம்பு உடையிறது அதிலதான். இன்டர்கூலரும் இல்லை. சோளகக் காத்து வேற, மத்தியானம் பொனட்டில கை வைக்கேலாது. இங்க பெற்றோல் செட்டில 92 ஒக்டேன்தான் கிடக்கு.

நாலு சிலிண்டருக்கும் கேஜ் வைச்சுக் கம்பிரஷன் அடிச்சுப் பாத்தன், பிஎஸ்ஐயில. 175, 172, 174, 170. நல்ல எஞ்சின். அதைத்தான் நான் கெடுத்துப்போடுவனோ எண்டு.

19.07.2025
திகதி வந்திட்டுது. ஓகஸ்ட் 14, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி. அப்பா ஒண்டும் கதைக்கேல்ல, பின்னேரம் மெதுவா கராஜுக்குள்ள வந்து "என்ன பிளக் போடப்போறாய்" எண்டார். என்ஜிகே 7, இப்ப இருக்கிற 6ஐ விடக் குளிர் கூட, இடைவெளி 0.8 எண்டன். தலையாட்டினவர். பிறகு தன்ர பாட்டில கதைச்சார், சண்டைக்காலத் தடை நேரம் பெற்றோல் கிடைக்காம சின்னப் போத்தலால காபரேட்டருக்குள்ள ரெண்டு சொட்டுப் பெற்றோல் பீச்சி ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில ஓடின ஒஸ்ரின் கார்களைப் பற்றி, ஏத்தத்தில கல்லை டின்னுக்குள்ள போட்டுக் குலுக்கின மாதிரி நொக்கிங் அடிக்குமாம், அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே டைமிங், அதாவது பிளக் பத்திற நேரம், வைச்சவையாம். "எனக்கு இப்ப இடது காது மட்டும்தான் மோனே" எண்டார்.

28.07.2025
ரெகுலேட்டர் வந்திட்டுது!! புளோவர் அமுக்கம் ஏற ஏற பெற்றோல் பிரஷரையும் ஏத்தித் தரும். பரந்தன்ல பிராக்கெட்டும் ஒட்டியாச்சு.

03.08.2025
பெல்ட் ரெண்டு தரம் கழண்டுது. புல்லி ஒரு மில்லிமீட்டர் முன்னுக்கு நிக்குது. லேத்தில குடுத்து எடுத்தன். பொழுதுபட ஸ்டார்ட். விசில் மாதிரி ஒரு மெல்லிய ஊளை, ஆக்சிலேட்டரை மிதிச்சா அது எழும்பி வருது, அம்மா குசினிக்குள்ள இருந்து ஓடி வந்தவா.

08.08.2025
முறிகண்டிப் பிள்ளையாரிட்டப் போய் தேங்காய் உடைச்சன். எஞ்சின் சுத்து மூவாயிரத்துக்கு மேல போகேல்ல. பயம்.

10.08.2025
ஏ35 ரோட்டில விசுவமடுப் பக்கம், காலமை, ஒருத்தரும் இல்லை. கேஜில 5, 6. கதிரை முதுகோட என்னை ஒட்டிப்போட்டுது. ஆனா ஏதோ கேட்டது. காத்தா, தகரமா, எஞ்சினா? நிப்பாட்டி பொனட்டைத் திறந்து பத்து நிமிசம் சும்மா பாத்துக்கொண்டு நிண்டன், நிண்டிட்டுக் கேட்டா என்ன கேக்கப்போகுது, சுமை ஏறினாத்தானே நொக்கிங் அடிக்கும்.

11.08.2025
அப்பாட்டச் சொல்லக்கூடாது எண்டுதான் இருந்தனான்.

12.08.2025
தானே வந்து ஏறிட்டார். அம்மா கேற்றில நிண்டு கத்துறா, இந்த நெஞ்சோட எங்க போறியள் எண்டு. ரெண்டு சீட்டுக் கார், கூரையை மூடி, கண்ணாடி ஏத்தி, இடப்பக்கச் சீட்டில இருந்து இடது காதை டாஷ்போர்டோட சாய்ச்சு வைச்சுக்கொண்டார். நாலாயிரம் வரேக்க விரலால டாஷ்போர்டில தட்டினார். "இதில." திரும்ப ஓடினன், அதே இடத்தில தட்டு. எனக்கு ஒண்டும் கேக்கேல்ல.

ரோட்டோரம் நிப்பாட்டி, எஞ்சின் பக்கத்துச் சோதனைப் பெட்டியில டிஇஎன், ஜிஎன்டி எண்ட ரெண்டு முனையையும் கம்பியால கொழுவி, டைமிங் லைட் பிடிச்சன். 10 டிகிரியில நிக்குது. ஹெட்டுக்குப் பின்னால இருக்கிற சென்சரை இளக்கி 7க்குத் திருப்பினன், பிளக் கொஞ்சம் பிந்திப் பத்தட்டும் எண்டு. ஓடினம். தட்டினார், ஆனா மெதுவா. 6. ஓடினம். விரல் டாஷ்போர்டுக்கு மேல அப்பிடியே நிண்டுது, தட்டேல்ல. நாலாயிரம், ஐயாயிரம். அவற்ற முகத்தைப் பாக்க எனக்குத் துணிவு வரேல்ல, ரோட்டையே பாத்து ஓடினன்.

"வெய்யில் ஏறினாப் பிறகும் ஒருக்காப் பாக்கோணும்" எண்டார்.

13.08.2025
மத்தியானம் போகேலாமப் போச்சு. சனம் வந்து போகுது.

14.08.2025
காலமை நாலரை. பாக் கட்டியாச்சு. வான் வரேல்ல. டைமிங் லைட்டை எங்க வைச்சனி எண்டு கேக்கிறார்.