கடைசி முட்டை: நாட்குறிப்பு

மார்ச் 4
பெரியவ, அதான் தாய் வாத்து, எழுந்து போயிட்டா. பொரிச்சதையெல்லாம் கூட்டிக்கிட்டு நேரா தண்ணிக்கு. கடைசி முட்டைல ஓட்டை விழுந்திருக்கு, உள்ள இருந்து கீச்சு கீச்சுனு சத்தம் வருது, திரும்பிக்கூட பாக்கல.

மார்ச் 4, ராத்திரி
அட்டைப்பெட்டி, மேல பல்பு, ஓரத்துல ஈரத்துணி. காத்து காஞ்சிருந்தா உள்சவ்வு குஞ்சோட உடம்புல ஒட்டிக்கும், அதுக்குத்தான் துணி. தம்பி வந்து எட்டிப் பாத்துட்டு "உரிச்சு விட்டுடுக்கா, பாவம்"ங்கறான். உரிக்க மாட்டேன். அந்த சவ்வுல இன்னும் ரத்தம் ஓடிக்கிட்டிருக்கும், மஞ்சக்கரு முழுசா வயித்துக்குள்ள இழுத்துக்கணும், முதல் ஓட்டை விழுந்ததுக்கு அப்புறம் வாத்து வெளிய வர ஒரு நாளுக்கு மேலயும் ஆகும்னு அவன்கிட்ட சொன்னேன். சொல்லிட்டு நானே டார்ச் அடிச்சுப் பாத்துக்கிட்டே இருக்கேன். பெட்டியை வாத்துக் கொட்டாய் சுவரை ஒட்டி வெச்சிருக்கேன். அந்தப் பக்கம் பெரியவ பேசறது இதுக்குக் கேக்கட்டும்.

மார்ச் 5
வந்துடுச்சு!!!

மார்ச் 5, சாயங்காலம்
காய்ஞ்சு மஞ்சளா புசுபுசுனு ஆயிடுச்சு. எழுந்திருக்கல. முதல் நாள் எல்லாமே தள்ளாடும், படுத்துக் கிடக்கும், பசியும் இருக்காது, உள்ள இழுத்த மஞ்சக்கருவே ஒரு நாளுக்கு மேல தாங்கும். இதெல்லாம் தெரியும். ஆனா கால் ரெண்டும் பக்கத்துக்கு ஒண்ணா போற விதம் எனக்குப் பிடிக்கல.

மார்ச் 6
பிடிக்கலன்னு எழுதினேன்ல. அதேதான். எழுந்திருக்க உந்தும்போது இடது கால் வெளிப்பக்கமா வழுக்கிட்டுப் போகுது, பின்னாடியே வலதும், நெஞ்சு தரைல. கீழ பேப்பர் கூட இல்ல, சொரசொரப்பான டவல்தான், அதனால தரை வழுக்கி வந்த பிரச்சனை இல்ல. முட்டைக்குள்ள மடங்கிக் கிடந்த விதமா, பெரியவ எழுந்து போன நேரத்துல சூடு குறைஞ்சதா, வெளிய வர ரொம்ப நேரம் ஆனதா, எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது.

வீடியோ எடுத்து கால்நடை டாக்டருக்கு அனுப்பினேன். அவர் முதல்ல கேட்டது, கணுமூட்டு வீங்கியிருக்கான்னுதான். பின்பக்கம் தடவிப் பாக்கச் சொன்னார், தசைநார் நடுவுல பள்ளத்துல உக்காந்திருக்கணும், பக்கவாட்டுல நழுவியிருந்தா அது வேற கதை, காலை நீட்டவே முடியாது, மூட்டு சப்பையா தட்டுப்படும். தடவினேன். விரல் நுனில நூல் மாதிரி, நடுவுலதான் இருக்கு. வலது காலோட ஒப்பிட்டுப் பாத்தேன், மறுபடி இடது. நடுவுலதான். "அப்போ வெறும் கால் அகட்டல்தான்மா, இன்னைக்கே கட்டிடுங்க, எலும்பு இளசா இருக்கற இந்த ரெண்டு மூணு நாள்தான் சொன்ன பேச்சு கேக்கும்"னார்.

ரெண்டு மூணு நாள். பெரியவளும் புதுசா ஒரு குஞ்சை சேத்துக்கறதா இருந்தா இந்த சில நாளுக்குள்ளதான் சேத்துப்பா. கால் தேறணும்னா இது இங்க இருக்கணும், அம்மா வேணும்னா அங்க இருக்கணும். இதை யார்கிட்ட போய் கேக்கறது.

மார்ச் 6, ராத்திரி
கட்டியாச்சு. பேண்ட் எய்டை நீளவாக்குல பாதியா வெட்டி, நடுவுல இருக்கற பஞ்சு ரெண்டு காலுக்கும் இடையில வர மாதிரி, ஒட்டுற முனை ரெண்டையும் கணுமூட்டுக்குக் கீழ, பாதத்துக்கு மேல சுத்தி அதுமேலயே ஒட்டணும். எழுத ஒரு வரி. செய்யும்போது அது உதைச்சு, என் விரல்ல ஒட்டி, தம்பி புடிச்சு, அவன் கைல கக்கா போயி... இடைவெளிதான் பிரச்சனை. இடுப்பு அகலத்துக்கு நிக்கணும். அதைவிட நெருக்கினா குப்புற விழும், தளர்த்தினா கட்டினதும் கட்டாததும் ஒண்ணு.

பாதம் நிறம் மாறுதான்னு பாத்துக்கிட்டே இருக்கேன். ஆரஞ்சு. இன்னும் ஆரஞ்சுதான்.

மார்ச் 7
விழுது. எழுந்திருக்குது. விழுது. கத்துது. நான் அறையை விட்டுப் போனா இன்னும் கத்துது, குரல் கொடுத்தா நிறுத்துது. இதான் பயமே. என்னையே அம்மான்னு முடிவு பண்ணிட்டா அப்புறம் அங்க கொண்டு விட்டு என்ன பிரயோஜனம். இனிமே பேசாம வேலை பாக்கணும். தம்பிக்கும் சொல்லியாச்சு, அவன் விசில் அடிச்சுக்கிட்டு வர்றான், கேட்டா விசில் பேச்சு இல்லையாம்.

கில்பர்ட் காட்லீப்னு ஒரு ஆராய்ச்சியாளர், வாத்துக்குஞ்சு முட்டைக்குள்ள இருக்கும்போதே கேக்கற சத்தத்தை வெச்சே வருஷக்கணக்கா வேலை பாத்தவர். தன் குரலோ கூடப்பிறந்த குஞ்சுங்க குரலோ உள்ளயே காதுல விழுந்தாதான் பொரிச்சப்புறம் தன் இனத்து அம்மா கூப்பிடறதை சரியா கண்டுபிடிக்குதாம். இது உள்ள இருந்தப்ப சுத்தி எல்லாம் கத்திக்கிட்டுதானே இருந்துச்சு. கேட்டிருக்கும். கேட்டிருக்கணும்.

மார்ச் 7, ராத்திரி
அம்மா போன்ல "அது பொழைக்காதுடி, வீணா உசுரை வதைக்காத" அப்படின்னாங்க. போனை வெச்சுட்டேன்.

மார்ச் 8
கட்டு நனைஞ்சு நழுவி ஒரு கால்ல மட்டும் தொங்குது. குடிக்கற தண்ணில காலை விட்டிருக்கு. தண்ணியைக் குறைக்கவும் முடியாது, மூக்கு ஓட்டை கழுவிக்கற அளவுக்கு அலகு முங்கணும் வாத்துக்கு, இல்லன்னா தீவனம் அடைச்சுக்கும். கிண்ணத்துல கூழாங்கல் போட்டு அலகு மட்டும் போற மாதிரி வெச்சேன். மூழ்கவும் மூழ்காது.

பழைய கட்டு புசுபுசுல ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது, துளி எண்ணெய் தொட்டு நிமிண்டி எடுத்தேன். இந்த தடவை தன்மேலயே ஒட்டிக்கற துணி பேண்டேஜ், மெல்லிசா கிழிச்சு எட்டு மாதிரி சுத்தி. இது நல்லாருக்கு. இறகைப் பிடிச்சு இழுக்கல.

மார்ச் 8, மதியம்
வெதுவெதுப்பான தண்ணில மிதக்க விட்டேன், கட்டை அவுத்துட்டு. தரைல இருக்கும்போது பக்கவாட்டுல போன அதே கால் தண்ணில நேரா பின்னாடி உதைக்குது!! உடம்பு வெயிட் இல்லன்னா அதுக்கு எப்படி உதைக்கணும்னு தெரிஞ்சிருக்கு. நான் அழுதேன்னு தம்பி எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கான். சும்மா அஞ்சு நிமிஷம்தான் விட்டேன், அம்மா இறக்கைக்கடியில இல்லாம வளர்ற குஞ்சு சீக்கிரம் ஊறிடும், நடுங்க ஆரம்பிச்சா போச்சு. துடைச்சு நேரா பல்புக்கடியில.

தெர்மாமீட்டர் 33. போதும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினா சூடு அதிகம்னு அர்த்தம், வாங்கல.

அந்தப் பக்கம் பெரியவ குரல். இது கழுத்தை நீட்டி அந்தச் சுவரைத்தான் பாக்குது. என்னை இல்ல. பொறாமையா இருந்துச்சு, நல்லாவும் இருந்துச்சு.

மார்ச் 9
நின்னுச்சு. கட்டோட. டவலை உருட்டி ரெண்டு பக்கமும் அணை கொடுத்து நடுவுல நிக்க வெச்சேன், அணையை எடுத்தேன், நின்னுச்சு, பின்னாடி ஒரு பூச்சியைப் பாத்து திரும்பி விழுந்துச்சு.

மார்ச் 9, ராத்திரி
தூக்கம் வரல. கட்டை நாளைக்கே அவுத்துட்டா திரும்ப அகட்டிக்குமா? இன்னும் ரெண்டு நாள் வெச்சா அங்க சேத்துக்க மாட்டாளா? கட்டோடவே கொண்டு விடலாம்னா, கால்ல என்னமோ சுத்தியிருக்கேன்னு அவ கொத்தினா? மத்த குஞ்சுங்க இழுத்து விளையாடினா? கட்டோட தண்ணில இறங்கினா? டாக்டர்கிட்ட கேட்டா "கால்தான்மா முதல்ல"ங்கறார். அவருக்கென்ன, அவர் கால் டாக்டர். தனியா வளந்த வாத்து எப்படி இருக்கும்னு பாத்திருக்கேன், மனுஷங்க பின்னாடியே வாசல் வாசலா அலையும், வேற வாத்தைப் பாத்தா ஓடும். கால் நேரா இருந்து என்ன பண்றது அதுக்கு.

மார்ச் 10
அவுத்தேன். வழுக்கல. கொஞ்சம் அகலமாத்தான் நடக்குது, ரவுடி நடை.

மார்ச் 10, ராத்திரி
இருட்டினதும் தம்பி டார்ச்சை மறைச்சுப் பிடிச்சுக்க, நான் பெரியவளோட பின்பக்கமா கையை விட்டு இறக்கைக்கடியில தள்ளிட்டேன். பகல்ல விட்டா புதுசுன்னு கண்டுக்குவா, தூக்கத்துல நடந்தா காலைல எல்லாமே தன்னோடதுன்னு நினைச்சுப்பான்னு ஒரு நம்பிக்கை. என் மணிக்கட்டுல ஒரு கொத்து. அப்புறம் ஏதோ முனகினா. உள்ள இருந்து பதில் வந்துச்சு, எதோட குரல்னு தெரியல.

மார்ச் 11
சேத்துக்கிட்டா. எண்ண விட மாட்டேங்கறா, சீறுறா, ஆனா வரிசைல கடைசியா அந்த ரவுடி நடை.

நான் கூப்பிட்டுப் பாக்கல. ஒரே ஒரு தடவை மெதுவா கூப்பிட்டேன். திரும்பல.

மார்ச் 13
மழை. ஒண்ணும் எழுதறதுக்கு இல்ல.

மார்ச் 15
மூணாவதா போறது நொண்டுது. நம்மது இல்ல, அவ வளத்தது, கால்ல பிரச்சனையே இல்லாதது. ரெண்டு அடி வெச்சு கணுமூட்டுலயே உக்காந்துடுது, கால் லேசா வில்லு மாதிரி வளையுது. இது அகட்டல் இல்ல. நியாசின்ங்கற பி3 வைட்டமின் பத்தல.

எல்லாரும் திங்கறது கோழிக்குஞ்சு தீவனம்தானே. வாத்துக்குஞ்சுக்குத் தீவனத்துல கிலோவுக்கு 55 மில்லிகிராமாவது நியாசின் வேணும், கோழிக்குஞ்சுக்கு அதைவிட ரொம்பக் கம்மியே போதும், வாத்து உடம்பால அதைத் தானா தயாரிச்சுக்கவும் சரியா முடியாது. பட்டாணியை மசிச்சு வெச்சிருக்கேன் இப்போதைக்கு. ப்ரூவர்ஸ் ஈஸ்ட், அதான் நியாசின் நிறைய இருக்கற உயிரில்லாத ஈஸ்ட் பொடி, கலக்கணும், ஒரு கப் தீவனத்துக்கு ஒரு டேபிள் ஸ்பூன், ஒண்ணுக்கு மட்டும் இல்ல எல்லாத்துக்கும். தம்பி ரொட்டிக்குப் போடற ஈஸ்ட்டை எடுத்துட்டு வந்து நிக்கறான், அது உயிரோட இருக்கறது, வயித்துல பொங்கும், வெச்சுடுடான்னேன்.

இதைத் தனியா பிரிக்க மாட்டேன். பெரியவகிட்டயே இருக்கட்டும், தட்டை அங்கயே கொண்டு போய் வைக்கறேன், கொத்தினா கொத்தட்டும். டாக்டருக்கு வீடியோ போயாச்சு, இன்னும் பாக்கல