வேல்ஸில் பிறக்காத அன்னாவும் என் அப்பா பெயரும்

கனடாவில் நான் இருக்கும் ஹாலிஃபாக்ஸ் நகரின் கிரான்வில் தெருவில் அன்னா லியோனோவென்ஸ் கலைக்கூடம் இருக்கிறது. கடற்காற்றுக்குப் பயந்து உள்ளே நுழைவேன். நுழைந்த பாவத்துக்குப் படங்களையும் பார்ப்பேன். அன்னா யாரோ வெள்ளைக்காரச் சீமாட்டி என்றே நினைத்திருந்தேன். 1862-இலிருந்து சில வருடங்கள் சயாம் அரண்மனையில் பாடம் சொல்லிக் கொடுத்தவர். பிறகு மகள், வங்கி அதிகாரியான மருமகனோடு இந்த ஊருக்கு வந்து, விக்டோரியா ராணியின் பொன்விழா ஆண்டான 1887-இல் ஒரு கலைப் பள்ளி தொடங்க முன்னின்றார். அதுதான் இன்று எல்லாரும் நாஸ்காட் என்று சொல்லும் நோவா ஸ்கோஷியா கலை, வடிவமைப்புக் கல்லூரி. வேல்ஸில் பிறந்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறந்ததோ நம் அகமத்நகரில்! படித்ததும் சுருக்கென்றது.

1915-இல் சாகும்வரை அம்மாள் மூச்சு விடவில்லை. பினாங்கில் ஓட்டல் வேலை பார்த்து இறந்துபோன கணவர் தாமஸ் லியோன் ஓவன்ஸை ராணுவ அதிகாரி ஆக்கினார். லியோனையும் ஓவன்ஸையும் ஒட்டி ஒரு குடும்பப்பெயரும் செய்துகொண்டார்.

அந்தக் குடும்பப்பெயரில்தான் எனக்கு வயிற்றெரிச்சல். நமக்கு ஏது அதெல்லாம்? இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள், எழுதினேன். அன்றிலிருந்து நான் மிஸ்டர் சிவசுப்பிரமணியன். கிளினிக்கில் ஒரு பெண் "மிஸ்டர் சிவா... சிவசு..." என்று தடுக்கி விழும்போதெல்லாம், அப்பா எங்கே என்று ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஒருவன் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அன்று சாயங்காலம் சட்டை கிழியும். இங்கே பல் டாக்டர் கூப்பிடுகிறார், பேங்க்கில் கூப்பிடுகிறார்கள், நான் எழுந்து நின்று புன்னகைக்கிறேன். என் மனைவிக்குக் குடும்பப்பெயர் நான். மகனுக்கும் நான். ஒரே வீட்டில் இரண்டு குடும்பம் வாடகைக்கு இருப்பதாகத் தபால்காரர் நினைத்திருக்கலாம். அன்னாவின் துணிச்சல் இருந்திருந்தால் விமான நிலையத்திலேயே எதையாவது ஒட்டியிருப்பேன்.

சரி, பழகிவிட்டது. நாஸ்காட் கதையை இப்போது ஊர்க்காரன் மாதிரியே சொல்வேன். 1916-இல் ஆர்தர் லிஸ்மர் என்ற ஓவியர் தலைவரானார். அடுத்த வருடம் டிசம்பரில் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து ஏறத்தாழ 2,000 பேர் மாண்டார்கள். அந்த இடிபாடுகளை அவர் வரைந்து வைத்தார். 1967-இல் கேரி நீல் கென்னடி பொறுப்பேற்றபின் கல்லூரியின் முகமே மாறியது. 1971-இல் ஜான் பால்டெஸ்ஸாரி என்ற அமெரிக்கக் கலைஞருக்கு அங்கே கண்காட்சி. அவரை வரவழைக்கப் பணமில்லை. அவர் ஒரு யோசனையை மட்டும் அனுப்பினார்: 'இனிமேல் சலிப்பூட்டும் கலையைச் செய்ய மாட்டேன்' என்று மாணவர்கள் சுவர் முழுக்க எழுத வேண்டும்.

இம்போசிஷன்! இரண்டு பேனாவைச் சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பில் இரண்டு வரி எழுதிய கூட்டம் நாங்கள். கலை என்று எந்த வாத்தியாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

கலைக் கல்லூரி என்றால் எனக்கு இன்றும் எழும்பூர்தான். அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் 1850-இல் தொடங்கியது. மெரினாவின் உழைப்பாளர் சிலையைச் செய்த ராய் சௌத்ரி முதல்வராக இருந்த இடம். அதன் மாணவர்கள் எழும்பூர் ஸ்டேஷனில் வந்து உட்கார்ந்து பயணிகளை வரைவார்கள். நெல்லை எக்ஸ்பிரஸுக்குக் காத்திருந்தபோது ஒரு பையன் அப்பாவை வரைய ஆரம்பித்தான். அப்பா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, மூச்சைக்கூட அடக்கி உட்கார்ந்திருந்தார். மூக்கு முடிவதற்குள் வண்டி வந்துவிட்டது.

இந்தக் குளிர்காலத்தில் ஒரு மண்பாண்ட வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். அங்கேயும் அட்டென்டன்ஸில் அப்பா பெயர்தான். போனில் சொன்னேன்.

"அப்ப சர்ட்டிஃபிகேட்டும் என் பேர்லதான் வருமா?" என்றார்.

வந்ததும் அனுப்பி வைக்க வேண்டுமாம். ஹாலில் எங்கே ஆணி அடிப்பது என்று அம்மாவோடு பேச்சு தொடங்கிவிட்டது.