நெறி கட்டிய தை மாதம்

ஜனவரி 9
கழுத்தடிக் கட்டியை டேப் வைத்துப் பார்த்தேன். 2 செ.மீ.க்குக் கொஞ்சம் கூட. பிடித்து அளக்க வராது, விரலுக்கடியில் நழுவும். இன்றைக்கு நழுவியதா இல்லையா என்று சந்தேகம் வந்து நாலு தடவை பார்த்தேன். இப்போது அந்த இடமே சிவந்துவிட்டது.

ஜனவரி 10
பூம்பாறையிலிருந்து அம்மா போன். "நெறி கட்டிருக்கும்டி. கையில கால்ல புண்ணு கிண்ணு இருக்கான்னு பாரு."

சின்ன வயதில் காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். அம்மா உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பாள். புண் ஆறினால் அதுவும் வடிந்துவிடும். அவள் சொல்வது தப்பில்லை. காலுக்குத் தொடையிடுக்கு, கைக்கு அக்குள், பல்லுக்கும் தொண்டைக்கும் கழுத்து. தெருவுக்கு ஒரு செக்போஸ்ட். என்னுடையது இடது காறை எலும்புக்கு மேலே, குழியில் இருக்கிறது. அது எந்தத் தெருவுக்கு என்று அம்மாவுக்குத் தெரியாது. டாக்டருக்குத் தெரியும். அதனால்தான் அன்றைக்கு விரலை வைத்தவர் எடுக்காமல் அப்படியே நின்றார்.

ஜனவரி 11
பிளவுஸ் 4. ஃபால்ஸ் 2. தை பிறந்தால் கல்யாண ஆர்டர் கொட்டும்.

ஜனவரி 13
பத்து நாள் ஆன்டிபயாடிக் முடிந்தது. அது அப்படியே இருக்கிறது.

"வலிக்குதாம்மா?" என்றார். "துளி கூட இல்ல சார்" என்றேன், ஏதோ பரீட்சையில் பாஸான மாதிரி. அவர் முகம் மலரவில்லை. வெளியே வந்ததும் நர்ஸம்மாவிடம் கேட்டேன். கிருமியால் வீங்கினால் பெரும்பாலும் வலிக்குமாம். வலியில்லாமல், கெட்டியாக, வாரக்கணக்கில் இருந்தால்தான் என்னவென்று பார்த்தாக வேண்டுமாம். வலிக்கவில்லையே என்று அழுதவள் நானாகத்தான் இருப்பேன்.

ஜனவரி 15
பொங்கல். போட்டோவில் மஃப்ளரோடு நிற்கிறேன். இந்தக் கொடைக்கானல் மலையில் அது ஒரு வசதி, கழுத்தை ஏன் மூடியிருக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை.

ஜனவரி 17, ராத்திரி 2.10
போனைத் தொடமாட்டேன் என்று பாப்பா தலையில் அடித்துச் சத்தியம் பண்ணியிருந்தேன். தொட்டுவிட்டேன்.

ரத்தத்திலிருந்து கசிந்து உடம்பில் ஓடும் நிணநீரில் முக்கால்வாசி நெஞ்சுக்குள் ஒரே குழாயாகச் சேர்ந்து, இடது கழுத்தடியில்தான் ரத்தத்தில் கலக்கிறதாம். அதனால் வயிற்றில் ஒளிந்திருக்கும் புற்று அங்கே வந்து தலைகாட்டலாம். 1848-ல் விர்ச்சோ என்ற ஜெர்மன் டாக்டர் கண்டு எழுதியது. அந்த இடத்து நிணநீர் முடிச்சுக்கு, அம்மா பாஷையில் நெறிக்கு, அவர் பெயரே வைத்திருக்கிறார்கள். வலது பக்கம் வந்திருக்கக் கூடாதா? அது நெஞ்சுக்குள் இருப்பதைக் காட்டும் என்று அடுத்த வரியில் போட்டிருந்தது. சரி, போனை மூடு.

தலையணையைத் தொட்டுப் பார்த்தேன், ஈரமில்லை. ராத்திரி வேர்க்குதா என்று கேட்டிருந்தார்கள். ஜிம்கானா பக்கம் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கிறது, நான் ரெண்டு கம்பளிக்குள் கிடக்கிறேன். வேர்த்தால் எதனால் வேர்த்தது என்று யார் சொல்வது?

ஜனவரி 19
ரத்தத்துக்கு இதயம் இருக்கிறது, நிணநீருக்குப் பம்ப் கிடையாது. குழாய்ச் சுவரே சுருங்கிச் சுருங்கித் தள்ளும். கூடவே கால் தசை அசைய வேண்டும், மூச்சு ஏறி இறங்க வேண்டும், அந்த அழுத்தத்திலும் மேலே போகும். திரும்பி இறங்காமல் இருக்கக் குழாய்க்குள் வால்வுகள்.

நான் இருபது வருஷமாக மெஷின் மிதிக்கிறேன். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். இன்றைக்கு ஒரு லைனிங் பிளவுஸின் கை ஏற்றும்போது சட்டென்று கால் நின்றுவிட்டது. நான்தான் மிதித்து மிதித்து அதை மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறேனோ? சாயங்காலம் வரை கைத்தையல் மட்டும் போட்டேன்.

ஜனவரி 22
ஊசி குத்தி எடுத்ததில் முடிவு சொல்ல முடியவில்லையாம். முழுசாக எடுத்துப் பார்க்க வேண்டும், மதுரைக்குப் போங்கள் என்றார். முகம் போன போக்கைப் பார்த்து, நான் தையல்காரி என்பது ஞாபகம் வந்து சொன்னார்: "ஊசியில வர்றது உதிரி நூலும்மா. நெசவு எப்படி ஓடுதுன்னு பாக்கணும்னா துண்டாத்தானே வெட்டி எடுக்கணும்?" இதை விட யாரும் எனக்குப் புரியவைக்க முடியாது.

மெஷின் மிதிப்பதைப் பற்றியும் கேட்டேன். சிரித்துவிட்டார். "அதனாலெல்லாம் பரவாது. தாராளமா மிதிங்க."

மூன்று பெயர் சொன்னார். முதலாவது, வேறெங்கோ ஆரம்பித்து இங்கே வந்து தங்கியது. ரெண்டாவது, இந்த முடிச்சிலேயே பிறந்த புற்று, லிம்போமா. மூன்றாவது காசநோய். நம் ஊரில் கழுத்தில் அது சகஜமாம். பழைய ஆட்கள் கண்டமாலை என்பார்கள்.

ஜனவரி 23
காசநோயாக இரு. காசநோயாக இரு.

அத்தைக்கு வந்தபோது அவங்க தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தவள் நான். அவங்களுக்கு நுரையீரலில், பாப்பா அப்போது கைக்குழந்தை, சரிதான். ஆனால் மாத்திரை முடிந்து சளியில் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்த பிறகும் ஒரு வருஷம் தனியாகவே வைத்திருந்தேன். அத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கழுவிக் கவிழ்த்து வைப்பாங்க, தனியாக, சுவரோரம்.

இன்றைக்கு அந்த நோயைத்தான் பூம்பாறை முருகன் குழந்தை வேலப்பரிடம் பெயர் சொல்லிக் கேட்கிறேன்.

அத்தை வெயிலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாங்க. "எனக்கு ஆறே மாசந்தான் புள்ள. மாத்திரைய முழுங்குனேன், எந்திரிச்சேன்." ஒரு பல்லைத் தோலுரித்துக் கையில் கொடுத்தாங்க. வாங்கிக்கொண்டேன், முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜனவரி 24
54 கிலோ. போன மாசமும் 54. மருந்துக்கடைத் தராசு.

ஜனவரி 27
தீபாவளி ரவிக்கையைப் போட்டேன், கை அரை இஞ்ச் தளர்வு. அப்போது நான்தான் தாராளமாக வெட்டினேனா? அளவு நோட்டில் எல்லார் அளவும் இருக்கிறது, என்னுடையது இல்லை.

ஜனவரி 30
மதுரை. மலை இறங்கும்போது காது அடைத்தது. டம் டம் பாறை தாண்டியும் திறக்கவில்லை.

மரத்துப்போக ஊசி போட்டு அரை மணியில் எடுத்துவிட்டார்கள். பாதியாக வெட்டி ரெண்டு டப்பாவில் போட்டு வீட்டுக்காரர் கையில் கொடுத்து, நீங்களே லேபில் சேர்த்துவிடுங்கள் என்றார்கள். ஒன்றில் ஃபார்மலின், மூக்கை எரித்தது. அது புற்றா என்று பார்க்க. இன்னொன்றில் வெறும் உப்புத் தண்ணீர். காசக் கிருமி தேடுவதை ஃபார்மலினில் போடக்கூடாதாம், கிருமி செத்துவிடும். சாம்பல் வெள்ளையில், பூண்டுப் பல்லில் பாதி. இத்தனை நாள் இதையா தடவிக்கொண்டிருந்தேன்?

வரிசையில் அவர் ரெண்டு டப்பாவையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். நான் உப்புத் தண்ணீர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 2
நாலு தையல். இடைவெளி ஒழுங்கில்லை, கடைசி முடிச்சு தடிமன். என் கடையில் இப்படிப் போட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

பிப்ரவரி 5
கை அங்கேயே போகிறது. இப்போது அங்கே ஒன்றுமில்லை. ஆனாலும் போகிறது.

பிப்ரவரி 6
உப்புத் தண்ணீர் டப்பாவின் ரிசல்ட் வந்துவிட்டது. காசக் கிருமி தென்படவில்லை.

அவர் போனை வைத்ததும் "நல்லவேளை" என்றார். பக்கத்துக் கடை அக்கா, "கும்பிட்ட சாமி கைவிடல" என்று திருநீறு பூசிவிட்டாள். அம்மா போனில் அழுதாள், சந்தோஷத்தில். மாறி மாறி எல்லாரும் சிரிக்கிறார்கள். அத்தை மட்டும் என்னைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்த் தன் டம்ளரில் காபி ஆற்றிக் கொண்டுவந்து கொடுத்தாங்க.

பிப்ரவரி 9
இன்னொரு டப்பாவுக்குக் கூடுதலாகச் சாயம் போட்டுப் பார்க்க வேண்டுமாம். ஒரு வாரம் ஆகும். சாதாரணமாக இருந்தால் எதற்குச் சாயம்? டாக்டரிடம் கேட்டேன். "லிம்போமான்னே வச்சுக்குவோம், அதுலயே பல வகை இருக்கு, குணமாகிற வகையும் இருக்கு. எதுன்னு தெரியாம மருந்து போட முடியாதேம்மா" என்றார். வச்சுக்குவோம் என்றார்.

பிப்ரவரி 10
பிளவுஸ் 3. ஒரு பெண் கழுத்து இறக்கம் எட்டு கேட்டாள். ஏழு போதும் என்று சண்டை போட்டேன். எதற்கு என்றே தெரியவில்லை. எட்டே வைத்துக் கொடுத்தேன்.

பிப்ரவரி 16
ரிப்போர்ட் ரெடி. போனில் சொல்லமாட்டார்களாம். ரெண்டு பேரும் வாங்க என்றார்கள். அந்த ரெண்டு பேரும் என்பதை அவர் என்னிடம் சொல்லாமல் மறைக்கப் பார்த்தார்.

பிப்ரவரி 17
விடிகாலை பஸ். ரெண்டு ரவிக்கைக்கு ஹூக் பாக்கி. கடைச் சாவியை அக்காவிடம் கொடுக்கவில்லை, சாயங்காலம் வந்து நானே முடித்துக்கொள்கிறேன்.