வள்ளிக்கு மூச்சு வந்துவிட்டது, கால் இன்னும் வரவில்லை

எங்கள் அரிசி ஆலைக்கு ஞாயிறு விடுமுறை. அன்றைக்குத்தான் வள்ளிக்கு வேலை. வள்ளி என் குதிரை. கத்தியவாரி என்கிற குஜராத் குதிரை இனத்தின் கலப்பு, செவலை நிறம், ஒன்பது வயது. மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தியூர் ஆடித் திருவிழாக் குதிரைச் சந்தையில் வாங்கினேன். கூட வந்தவர்கள் எல்லாரும் சுழி பார்த்தார்கள். நெற்றிச் சுழி சரி, கழுத்துச் சுழி சரி, பிடிச்சுக்கங்க என்றார்கள். கொஞ்சம் ஓட்டிவிட்டு மூச்சு எப்படி அடங்குகிறது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. நானும்தான்.

திங்கள் முதல் சனி வரை கொட்டகையில் கட்டிக் கிடப்பாள். தினமும் கொள்ளும் கம்புமாக இரண்டு கிலோ. ஞாயிறு விடிந்ததும் காங்கேயத்திலிருந்து சிவன்மலை அடிவாரம் வரை ஒரே ஓட்டம். போக ஐந்து கிலோமீட்டர், வர ஐந்து. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். வள்ளி கொழுத்தும் இருந்தாள், கொள்ளும் தின்றாள்.

இந்தப் பொங்கலுக்கு ஒரு ஞாயிறு தவறி, பதின்மூன்று நாள் நான் ஏறவே இல்லை. தீனியை மட்டும் குறைக்கவில்லை. அடுத்த ஞாயிறு சேணம் போட்டுக் கிளம்பினால், முதல் கிலோமீட்டரிலேயே நடை சுருங்கிவிட்டது. சோம்பல் என்று நினைத்துக் குதிகாலால் தட்டினேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. பின்தொடைகள் பலகையாக இறுகி, வேர்த்து நடுங்கி, சாலையோரம் நின்றுவிட்டாள். அப்புறம் பெய்த மூத்திரம் கடுங்காப்பி நிறம்.

டாக்டர் போனிலேயே, "ஓர் அடிகூட நடத்தாதீங்க, நான் வர்றேன்" என்றார். வந்து மருந்து ஏற்றிவிட்டுச் சொன்னார்: தசை உடைந்து அதன் சாயம் ரத்தத்தில் கலந்து மூத்திரத்தில் இறங்குகிறது, சிறுநீரகத்துக்கும் ஆபத்து. வண்டிக்குதிரைக் காலத்தில் இதற்குத் திங்கட்கிழமை நோய் என்றே பேர். ஞாயிறு முழுக்க ஓய்வு, தீனி மட்டும் வேலைநாள் அளவு, மறுநாள் வண்டியில் பூட்டினால் இப்படி நின்றுவிடும். என் வீட்டில் வேலைக்கே ஞாயிறுதான் என்பதால் நோய்க்கும் ஞாயிறு.

ரத்தப் பரிசோதனை சரியான பிறகு, மாசியில் முதலிலிருந்து ஆரம்பித்தோம். காலை ஐந்தரைக்கு, வாரத்தில் ஐந்து நாள், வெறும் நடை. முதல் வாரம் இருபது நிமிடம், நான்காம் வாரம் முக்கால் மணி. ஐந்தாம் வாரம்தான் நடுவில் இரண்டு நிமிட ட்ராட், அதாவது மெதுவான துள்ளோட்டம், திரும்ப நடை. அதைவிட வேகமான கேன்டர் ஓட்டம் ஒன்பதாம் வாரம் வரை கிடையாது. பகலில் கொட்டகையில் கட்டுவதையும் விட்டுவிட்டேன். கிளுவை வேலி போட்ட கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், கொழுக்கட்டைப் புல் மேய்ந்துகொண்டு அவளாகவே நடக்கிறாள். கொள்ளு பாதியானது, ஏறாத நாளில் ஒரு கைப்பிடி மட்டும்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி நாடி பார்ப்பது. இருநூற்றுச் சொச்ச ரூபாய்க்கு ஒரு ஸ்டெதாஸ்கோப் வாங்கி, இடது முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் வைத்துக் கேட்டேன். 72! நிற்கிற குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரைதானே இருக்கணும்? பதறிப்போய் டாக்டரைக் கூப்பிட்டால் சிரிக்கிறார். லப், டப் இரண்டும் சேர்ந்துதான் ஒரு துடிப்பாம். நான் இரண்டாக எண்ணியிருக்கிறேன். ஆக 36. இப்போது ஸ்டெதாஸ்கோப்பே தேவையில்லை. தாடை எலும்பின் அடிப்பக்கம் விரலை ஓட்டினால் பென்சில் கனத்தில் ஒரு ரத்தக்குழாய் உருளும். அதை எலும்போடு லேசாக அழுத்தி, பதினைந்து விநாடி எண்ணி, நான்கால் பெருக்குகிறேன். ட்ராட் ஆரம்பித்த வாரம், ஓட்டம் நின்று பத்து நிமிடம் கழித்தும் 72 இருந்தது, இந்தத் தடவை நிஜமாகவே. போன வாரம் அதே பாதை, அதே பத்து நிமிடம்: 52.

அப்போ தயார்தானே என்று லாடம் கட்ட வந்த பாயிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் முன்னங்காலைத் தூக்கி, பின்புறம் தசையை எலும்போடு கட்டிக் கயிறு மாதிரி ஓடும் தசைநாணைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழ்வரை நீவினார். "மூச்சு சீக்கிரம் வந்துடும் தம்பி. இது வராது." அவர் சொல்வது சரிதான். இதயமும் தசையும் சில வாரத்தில் தேறிவிடும். தசைநாணுக்கு மாதக்கணக்கு, எலும்பு கெட்டிப்பட அதைவிடக் கூடுதல். அதனால்தான் மூன்றாம் மாதம் ரொம்ப மோசமான மாதம். குதிரை துள்ளுகிறது, நமக்கும் ஆசை வருகிறது, கால் மட்டும் பின்தங்கி நிற்கிறது. தினமும் தடவிப் பார்க்கிறேன். ஒரு காலில் மட்டும் சூடோ வீக்கமோ தெரிந்தால் அன்றைக்கு ஏறுவதில்லை.

இன்னொரு கணக்கு, எனக்கு வலித்த கணக்கு. மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை, கிலோவில். வள்ளிக்குச் சுற்று 165 சென்டிமீட்டர், நீளம் 150. ஆக 344 கிலோ. ஆளும் சேணமும் சேர்ந்து அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்கிறார்கள். அதாவது 69. நான் 78, சேணம் 8. கொள்ளைக் குறைக்க வேண்டியது யாருக்கு என்று வீட்டில் கேட்டார்கள். இப்போது நான் 71, சேணம் இலேசானது, 5. இன்னும் அதிகம்தான். மேடு வந்தால் இறங்கி அவளோடு நடக்கிறேன்.

வெயிலைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஒன்று மட்டும்: சூடாக வந்த குதிரைமேல் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்பதை நம்பாதீர்கள். வாளி வாளியாக ஊற்றுகிறேன், ஒன்றும் ஆவதில்லை. குதிரை வேர்வையில் உப்பு நிறையப் போகும் என்பதால் தீனியில் தினம் இரண்டு கரண்டி கல்லுப்பு.

இந்த ஆடிக்கு அந்தியூர் வரை குதிரையிலேயே போய்விடலாமா என்று பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கேட்டார். வள்ளி அவர் சட்டைப்பையை முகர்ந்துகொண்டு நின்றாள்.

"வேன்ல போயிரலாமுங்க" என்றேன்.