மாடி அறையில் ஒரு துறைமுகக் கோட்டை

ஜூன் 1, ஞாயிறு

தல்லாகுளம் வீட்டு மாடி அறை மேசையைக் காலி செய்து, லெகோவின் (ஒன்றோடொன்று பொருத்தும் பிளாஸ்டிக் விளையாட்டுக் கட்டைகள்) நீலத் தட்டுகளைக் கடலாக விரித்தாயிற்று. 1989-ல் லெகோ நிறுவனம் கடற்கொள்ளையர் பொம்மை வரிசையைத் தொடங்கியபோதே அதில் எல்டொராடோ கோட்டை இருந்தது. 2023-ல் அதைப் புது வடிவில் மறுபடி கொண்டுவந்தார்கள். எனக்கு அதை அப்படியே கட்டும் எண்ணம் இல்லை. கரீபியன் மணல்திட்டு ஒன்றின் மேல், தண்ணீரைப் பார்த்துப் பீரங்கிகள் நிற்கும் சொந்தக் கோட்டை வேண்டும். சுவர் கனமாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். குண்டு பட்டாலும் நிற்கும் என்று பார்ப்பவருக்குத் தோன்ற வேண்டும்.

ஜூன் 3, செவ்வாய்

பீரங்கி வந்த பிறகு உயரமான ஒல்லிச் சுவர்கள் எடுபடவில்லை. தாழ்வாக, தடிமனாக, அடி அகன்று மேலே சாய்ந்து போகும் சுவர்களைக் கட்ட ஆரம்பித்தார்கள். புளோரிடாவில் ஸ்பானியர் 1672-ல் தொடங்கிய சான் மார்கோஸ் கோட்டைக்குச் சிப்பி படிந்து இறுகிய கல். குண்டு பட்டால் நொறுங்காமல் உள்வாங்கிக்கொண்டது.

அந்தச் சாய்வைக் கட்டையில் கொண்டுவருவதில்தான் இன்றைய பொழுது போனது. கட்டையின் தலையில் இருக்கும் ஒரு குமிழுக்கும் அடுத்ததற்கும் 8 மில்லிமீட்டர். வரிசைக்கு ஒரு குமிழ் உள்ளே தள்ளினால் படிக்கட்டு போல ஆகிவிடுகிறது. நடுவில் ஒற்றைக் குமிழ் உள்ள தட்டைப் போட்டால் பாதி, அதாவது 4 மில்லிமீட்டர்தான் நகரும். அப்படி அடுக்கியதும் சுவர் நிஜமாகவே சாய்ந்து நின்றது. என்ன ஒரு அழகு!

ஜூன் 5, வியாழன்

பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் போயிருந்தேன். மதுரைக் கோட்டையை 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடிக்கவைத்து, அகழியைத் தூர்த்தார். வெளிவீதிகள் அப்படி வந்தவை. மிஞ்சியது மேற்கு வாசல் பக்கத்துத் துண்டுதான். கல் இடுக்கில் செடி, கீழே கருத்த ஈரக்கறை. வீட்டுக்கு வந்து, தண்ணீர் தொடும் வரிசையில் அடர்பச்சைக் கட்டைகளையும் அதற்கு மேல் அங்கங்கே பழுப்பையும் சொருகினேன். ஒரே நிறச் சுவருக்கு வயசே தெரியாது.

ஜூன் 7, சனி

1692-ல் இதே ஜூன் 7 அன்றுதான் ஜமைக்காவின் போர்ட் ராயல் ஊரில் பெரும்பகுதி நிலநடுக்கத்தில் கடலுக்குள் போனது. ஊர் நின்றது மணல்மேல். அதிர்ச்சியில் மணல் குழம்பாகிவிட, தெருக்களோடு வீடுகள் இறங்கிவிட்டன. அங்கிருந்த கோட்டைகளில் சார்லஸ் கோட்டை மட்டும் தப்பியது. அதை நினைத்து, என் கோட்டைக்கு முன்னால் பழைய பீரங்கி மேடை ஒன்றைச் சரித்து வைத்து, கண்ணாடி நீலத் தட்டுகளால் பாதி மூடினேன்.

“மாமா, அது ஏன் உடைஞ்சிருக்கு?” என்றான் அக்கா மகன். கதையைச் சொன்னதும் ஒரு பொம்மையைக் கொண்டுவந்து அந்த மேடைமேல் தூண்டில் போட உட்கார வைத்தான். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நல்ல இடம் அது.

ஜூன் 8, ஞாயிறு

படம் எடுக்கும் நாள். நண்பகல் வெளிச்சம் உதவாது. பிளாஸ்டிக் பளபளக்கிறது, 4 மில்லிமீட்டர் படிகளும் காணாமல் போகின்றன. சாயங்காலம் ஜன்னலில் பட்டர் பேப்பர் ஒட்டி, பக்கவாட்டு வெயிலை மட்டும் உள்ளே விட்டேன். ஒவ்வொரு வரிசைக்கும் கீழே மெல்லிய நிழல் விழுந்தது.

பொம்மை நாலு சென்டிமீட்டர் உயரம். மேலிருந்து எடுத்தால் அது மேசைமேல் இருக்கும் விளையாட்டுச் சாமான். போனைத் தலைகீழாகப் பிடித்து, லென்ஸ் மேசையை ஒட்டி வரும்படி வைத்தால் பொம்மையின் கண்ணளவுக்கு இறங்கிவிடலாம். ரொம்பக் கிட்டே போனால் கோட்டையின் பின்பகுதி மங்கிவிடும். கொஞ்சம் தள்ளி நின்று ஜூம் செய்வது மேல். வைகாசிக் காற்றில் தூசி வேறு; எடுக்கும்முன் பெயிண்ட் பிரஷால் துடைப்பது கட்டாயம்.

பீரங்கிப் புகைக்கு அம்மாவிடம் சாம்பிராணி கேட்டேன். “கோட்டைக்கா? வெள்ளிக்கிழமைக்குக் கொஞ்சம் மிச்சம் வைப்பா” என்று கொடுத்தார். மின்விசிறியை நிறுத்தியதும் புகை சுவரோடு ஒட்டி மெதுவாக ஊர்ந்தது. அதில் எடுத்த படத்தில்தான் நான் கேட்ட கனம் முழுசாக வந்திருக்கிறது.

அடுத்து கப்பல்துறை மரமேடை. பழுப்புத் தட்டுகள் போதாது, வாங்க வேண்டும்.